சனிக்கிழமைக்குள்ள கை சரியாகணும்

இதெல்லாம் ஒரு விளையாட்டான்னு கேட்டுட்டீங்களே மேடம், நல்லவேளை எங்ககூட ஆடற வக்கீல் இங்க இல்ல. இருந்திருந்தா நாளைக்கே உங்க கிளினிக்குக்கு நோட்டீஸ் வந்திருக்கும். ஆமா, டேபிள் ஃபுட்பால்தான். மேஜை மேல கம்பி, கம்பில பொம்மைங்க, கம்பியைத் திருப்பினா பொம்மை பந்தை உதைக்கும். பசங்க ஆடறதேதான். ஆனா நாங்க எட்டு பேர், எட்டு பேருமே நாப்பதைத் தாண்டினவங்க. ரெண்டு பேருக்கு ரத்தக்கொதிப்பு, ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்கு மூளையே கிடையாது. வருஷத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமை. பன்னெண்டு வருஷமா விடாம நடக்குது.

நீங்க கையைத் திருப்புங்க, வலிக்கல. சரி, கொஞ்சம் வலிக்குது. இன்னும் ஒம்பது நாள் இருக்கு, அதுக்குள்ள ஆயிரும்ல? பாத்துதான் சொல்லணுமா. பாருங்க, நல்லாப் பாருங்க.

எங்க நடக்குதுன்னா, என் மச்சானோட ஃபர்னிச்சர் கோடவுன்ல. என் வீட்டுக்காரியோட தம்பி. எங்கயோ ஒரு ஓட்டலை இழுத்து மூடினாங்கன்னு சோபாவெல்லாம் மொத்தமா எடுக்கப் போனான், இந்த மேஜையை இனாமா தலையில கட்டி அனுப்பிட்டாங்க. பின்பக்க ரூம்ல, விக்காத அலமாரிங்களுக்கு நடுவுல கிடக்குது. ஒரு கால் கட்டை. நான்தான் அடியில ரப்பர் வச்சு, மட்டம் பாத்து நிக்க வச்சேன். எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை மேடம், மட்டம் பாக்கறது கைவந்த கலை. மத்தவங்க எல்லாம் மேஜை சாயுதுன்னு சொல்லித்தான் தோத்ததுக்குக் காரணம் தேடுவாங்க. நான் வந்து அந்தக் காரணத்தையும் இல்லாம பண்ணிட்டேன். அதுல பாதி பேருக்கு என் மேல கோவம்.

வக்கீலைப் பத்திச் சொல்லணும். முதல் வருஷம் ஒரு பக்கம் விதி எழுதிட்டு வந்தாரு. இப்ப பதினாலு பக்கம். பாவம், கோர்ட்டுல யாரும் அவர் பேச்சைக் கேக்கறதில்ல போல, எல்லாத்தையும் இங்க கொண்டுவந்து கொட்டறாரு. கம்பியைச் சுத்தி விடக் கூடாது, அது ஒம்பதாவது விதி. வாயால சத்தம் எழுப்பக் கூடாது, அது பதினொண்ணாவது விதி. அது எங்க பல் டாக்டருக்காகவே எழுதினது.

ஏனா? நீங்க கேக்கணும் அந்தச் சத்தத்தை. எதிராளி பந்தை நிறுத்தி, குறி பாத்து, அடிக்கப் போற நேரத்துல, இவரு வாய்க்குள்ளயே கொர்ர்ர்னு அந்தப் பல் குடையற மிஷின் சத்தத்தைப் போடுவாரு. அச்சு அசல். எட்டு பேர்ல அஞ்சு பேர் அவர்கிட்டதான் பல்லைக் காட்டறவங்க. கை தானா உதறும் மேடம். படிச்ச மனுஷன். ஒரு மாசம் முன்னாடியே யாருக்கும் கை குடுக்க மாட்டாரு, விரலுக்கு எதாவது ஆயிருமாம். அந்தச் சனிக்கிழமை கிளினிக் வாசல்ல, டாக்டர் மாநாட்டுக்குச் சென்றுள்ளார்னு போர்டு தொங்கும். எவன் பல்லு வலியில துடிச்சாலும் சரி, மாநாடு முடிஞ்சாத்தான்.

நானா? நான் அப்படியெல்லாம் கிடையாது. நமக்கு விளையாட்டு விளையாட்டுதான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சரி, கப்பை நான்தான் செஞ்சேன். கழட்டிப் போட்ட பழைய லிஃப்டுலேருந்து அந்த பட்டன் பலகை, பித்தளை, பளபளன்னு தேச்சு, மரச்சட்டம் போட்டுக் குடுத்தேன். ஜெயிச்ச ஜோடியோட பேரை ஒவ்வொரு மாடி நம்பருக்குப் பக்கத்துலயும் பொறிப்போம். பன்னெண்டு வருஷத்துல ஏழு தடவை எங்க பேருதான், என் பேரும் மச்சான் பேரும். நான் முன்வரிசை, அடிக்கற ஆளு. அவன் பின்வரிசை, கோலைக் காக்கற ஆளு. ஏழு வருஷமும் அந்தப் பலகை எங்க வீட்டு ஹால்லதான் இருந்துச்சு. வர்றவங்க எல்லாம் சுவிட்சுன்னு நினைச்சு அழுத்துவாங்க, அப்ப நான் கதையை ஆரம்பிப்பேன். என் வீட்டுக்காரி காபி போடற சாக்குல எழுந்து போயிருவா. இது நூத்தம்பதாவது தடவைன்னு உள்ளேருந்து சத்தம் வரும்.

என்ன கேட்டீங்க, இந்த வருஷமும் மச்சான்தான் ஜோடியான்னா? இல்ல. இந்த வருஷம் நம்ம வக்கீல் புதுசா ஒண்ணு கொண்டுவந்தாரு, சீட்டுக் குலுக்கி ஜோடி பிரிக்கணும்னு. ஒரே ஆளுங்க ஜெயிச்சா ஜனநாயகம் செத்துப் போயிருமாம். குலுக்கினாங்க. மச்சானுக்குப் பல் டாக்டர் விழுந்தாரு. எனக்குத் தையல்காரர். நல்ல மனுஷன். ஆனா பந்து வரும்போது ஊசில நூல் கோக்கற மாதிரி ஒரு கண்ணை மூடிக்குவாரு. அவரு கண்ணைத் திறக்கறதுக்குள்ள கோல் விழுந்திருக்கும்.

அதனால ரெண்டு மாசம் முன்னாடி ஒரு வெள்ளோட்டம் விட்டோம். புது ஜோடிங்க பழகணும்ல. எங்களுக்கு எதிரா மச்சானும் பல் டாக்டரும். பத்துக்கு ரெண்டு. இல்ல மேடம், ரெண்டு எங்களோடது. அந்த ரெண்டுல ஒண்ணு பல் டாக்டர் தெரியாம அவர் கோலுக்குள்ளயே தட்டி விட்டது.

சும்மா சொல்லக் கூடாது, மச்சான் சுவரு மாதிரி நின்னான். நான் எந்தப் பக்கம் அடிச்சாலும் அவன் பொம்மை அங்க முன்னாடியே போயி நிக்குது. பன்னெண்டு வருஷமா என் பக்கத்துலயே நின்னு என் கையைப் பாத்தவனாச்சே. கடைசிக் கோல் விழுந்ததும் பல் டாக்டர் கொர்ர்ர்னு நீளமா ஒரு சத்தம் போட்டாரு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் பல்லைக் காட்டிட்டு வந்துட்டேன். மச்சான் மட்டும் சிரிக்கல. அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது.

இல்ல இல்ல, கை அங்க உடையல. முதல் நாளே சொன்னேனே, லிஃப்ட் கதவுல மாட்டிக்கிச்சு.

அப்படியா? எக்ஸ்ரேல அது வரைக்கும் தெரியுமா? சுண்டு விரலுக்குக் கீழ இருக்கற எலும்பு கதவு நசுக்கினா இப்படி உடையாதா. ஓ. அப்ப எப்படி உடையும்? நிறையப் பேர் வருவாங்களா இந்த மாதிரி? எல்லாரும் என்ன சொல்லிட்டு வருவாங்க?

கதவுன்னுதானா.

சரி மேடம். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. செவுரு. எங்க வீட்டுச் செவுரு.

அன்னைக்கு வீட்டுக்குப் போறேன். என் வீட்டுக்காரிக்குப் பள்ளிக்கூட லைப்ரரில வேலை. புது புஸ்தகமெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைல பரப்பி வச்சு அட்டை போட்டுக்கிட்டு இருந்தா. எத்தனை கோல்னு கேட்டா. உன் தம்பிகிட்டயே கேளேன்னேன். அவன் அப்பவே ஃபோன் பண்ணிட்டானே, ரெண்டாமேன்னு சொல்லிச் சிரிச்சா. அவ்வளவுதான் மேடம். எப்பவும் சிரிக்கற சிரிப்புதான். நூத்தம்பது தடவை அந்தப் பலகைக் கதையைக் கேட்டவளுக்கு ஒரு தடவை சிரிக்க உரிமை இல்லையா? அன்னைக்கு எனக்கு அது தோணல. அவ எந்திரிச்சு கத்திரிக்கோல் எடுக்க என்னைத் தாண்டி வந்தா. நான் குத்திட்டேன். செவுத்துல. அவ காதுக்கும் என் கைக்கும் நடுவுல ஒரு ஜாண் இருந்திருக்கும்.

ஏன் நிறுத்திட்டீங்க? அவ மேல படல மேடம். இத்தனை வருஷத்துல அவ மேல ஒரு தடவைகூட நான் கை வச்சதில்ல.

ஆமா. அவகிட்டயும் இதையேதான் சொன்னேன், செவுத்தைத்தானே குத்தினேன்னு. அவ கத்தல, அழல. உங்களுக்குத்தான் குறியே தப்பாதாமே, ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்களே, அப்ப நீங்க குறி வச்சது செவுத்தையா, இல்ல குறி தப்பிடுச்சான்னு கேட்டா. நான் என்ன சொல்றது? யோசிச்சேன். உடனே சொல்லியிருக்கணும் மேடம். யோசிச்சிருக்கவே கூடாது.

அவ உக்காந்து மிச்சம் இருந்த மூணு புஸ்தகத்துக்கும் அட்டை போட்டா. அப்புறம் ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. நான் வெளிய நிக்கறேன். என் பொழைப்பே என்னன்னா, லிஃப்ட்டு நடுவழில நின்னு போச்சுன்னா உள்ள மாட்டினவங்க அலறுவாங்க, நான் வெளிய நின்னுக்கிட்டே முக்கால் மணி நேரமானாலும் பேசிப் பேசி அவங்களை ஆத்துவேன். முன்னப் பின்ன தெரியாதவங்களை. அன்னைக்கு ஒரு வார்த்தை வரல. கை வேற இட்லி மாதிரி வீங்கிக்கிட்டு இருந்துச்சு.

விடிஞ்சதும் மச்சான் கோடவுன் வண்டியை எடுத்துக்கிட்டு வந்தான். அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அக்காவோட பெட்டியைத் தூக்கி வச்சுட்டுத் திரும்பி வந்து, மாமா, கைக்கு ஐஸ் வைங்க, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னான். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு அசிங்கமா இருந்திருக்காது.

ரெண்டு மாசம் ஆச்சு. அவன் வீட்லதான் இருக்கா. நான் ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டா. வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டுத் திரும்பிட்டேன்.

ஆட்டத்துக்கா? அதான் சொல்ல வந்தேன். நான் பேரையே எடுத்துடச் சொல்லிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த கோடவுனுக்குள்ள போறது? போன வாரம் மச்சான் ஃபோன் பண்ணினான். மாமா, உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு, முதல் ஆட்டமே எங்களுக்கும் உங்களுக்கும்தான், வாங்கன்னான். ஸ்கோர் யாரு எழுதறதுன்னு சும்மா கேட்டு வச்சேன். அக்கான்னான்.

அவளுக்கு இந்த ஆட்டம்னாலே ஆகாது மேடம். பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. அவளே கேட்டாளாம். அவரு ஜெயிச்ச கதையை நூத்தம்பது தடவை கேட்டாச்சு, தோத்தா எப்படி இருப்பாருன்னு நான் பாக்கணும், பாத்துட்டு முடிவு பண்றேன்னாளாம். அதுலயும் ஒரு நிபந்தனை. கட்டுப் போட்ட கையோட வரக் கூடாது, பாதி கையோட ஆடிட்டு, கைதான் காரணம்னு சொல்ற தோல்வி செல்லாதுன்னுட்டாளாம். அவ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் மேடம்.

அதனாலதான் உங்க உயிரை வாங்கறேன், சனிக்கிழமை சனிக்கிழமைன்னு. நீங்க என்னவோ கப்புக்காக இந்த ஆளு பறக்கறான்னு நினைச்சிருப்பீங்க.

பயிற்சியா? எடுக்கறேனே. கண்ணாடி இருக்கற லிஃப்ட்ல எல்லாம் எடுக்கறேன். ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு, நல்லா ஆடினே மச்சான்னு சொல்லி, கையை நீட்டிச் சிரிச்சுப் பாக்கறேன். முந்தாநாள் திடீர்னு கதவு திறந்துடுச்சு. ஒரு அம்மா காய்கறிப் பையோட நிக்கறாங்க. என்னைப் பாத்துட்டு படியிலயே ஏறிப் போயிட்டாங்க. முதல் ரெண்டு நாள் சிரிப்பு வரவே இல்ல, கொட்டாவி விடற மாதிரி இருந்துச்சு. இப்பப் பரவாயில்ல.

சேச்சே, விட்டுக் குடுக்க மாட்டேன். விட்டுக் குடுத்தா அவ ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவா, அதுவும் ஒரு பொய்தானே. முழு மூச்சா ஆடணும், ஆடியும் தோக்கணும். அது நடக்கும். மச்சான் என்னைவிட நல்லா ஆடறவன். எப்பவுமே அப்படித்தான். அந்த ஏழு வருஷமும் ஜெயிச்சது அவன் காத்ததால. இதை வாய்விட்டுச் சொல்றது இதுதான் முதல் தடவை, அதுவும் உங்ககிட்ட.

என்ன மேடம் கேக்கறீங்க? ஜெயிச்சுட்டா என்ன பண்ணுவேனா?

அய்யோ, அதை மட்டும் கேக்காதீங்க. தையல்காரர் நேத்துலேருந்து ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கிட்டு ஆடறாருன்னு கேள்விப்பட்டேன்.