தியுர்மாவின் இடத்துக்கு ஒருத்தி

காப்பிக்கு நன்றி, ஐயா. குளிர்ந்தது எதுவும் எனக்கு ஆகாது, தொண்டை கட்டிக்கொள்ளும். பாலிகே ஊர்த் தேவாலயத்தில் இத்தனை வருடமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவன், தொண்டையைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்.

எங்கள் ஏரிக்கரையில் படித்த பிள்ளைகளுக்கு வேலை கிடையாது. பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, ஏரிக்குள் அப்பா மிதக்கவிட்டிருக்கும் மீன்கூண்டுக்குத் தீவனம் போடுவார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. அப்போதுதான் கம்போடியாவில் ஓர் இணையச் சூதாட்டக் கம்பெனி ஆள் கேட்டது. தொலைபேசியில் பேசும் வேலை. தோற்று வெறுத்துப்போய், இனி ஆடமாட்டேன் என்று விலகியவர்களை அழைத்து, நயமாகப் பேசித் திரும்ப ஆடவைக்க வேண்டும். அதற்குக் கனிந்த குரலும், எதிர்த்துப் பேசாத குணமும் தேவை. என் குழுவில் இரண்டும் நிறையவே இருந்தன.

வீட்டாரிடம் அலுவலக வேலை என்று சொன்னேன். அதில் பொய் இல்லை. அங்கே வாசலைப் பூட்டிவைப்பார்கள் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்தும் அனுப்பினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். திறந்த வாசலை வைத்துக்கொண்டு இங்கே என்ன கண்டார்கள்? கம்பெனி எனக்குக் கொடுத்ததில் தேவாலயத்துக்குப் புது ஆர்கன் வாங்கினேன்.

என் குழுவில் பாடிய தியுர்மா அந்த வேலைக்குக் கிளம்பிய அன்று, அவள் அம்மா ரோஸ்தி முழுக் கெண்டையை மஞ்சள் அரைத்துச் சமைத்து, எங்கள் வழக்கப்படி ஆசியாக, மீனின் தலை மகளைப் பார்க்கும்படி வைத்தாள். வழியனுப்பும் உலோஸ் துணியை அவள் தோளில் போர்த்தியவன் நான். அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் மீது எனக்குப் பாசம் உண்டு.

சில மாதங்களில் தியுர்மா என்னை அழைத்தாள். குரல் கரகரத்துக் கிடந்தது. அவள் பேச்சைக் கேட்டுத் திரும்ப ஆடிய ஒரு கிழவர் வீட்டைத் தோற்றுத் தூக்குப் போட்டுக்கொண்டாராம். மறுநாள் இவள் அழைத்தபோது அவர் மனைவிதான் தொலைபேசியை எடுத்து அதைச் சொன்னாளாம். இனிமேல் யாரையும் அழைக்கமாட்டேன் என்றதற்கு இவளுக்கு அடி.

"என்னால முடியலய்யா. எப்படியாவது கூட்டிட்டுப் போயிருங்க."

கம்பெனியில் கேட்டேன். ஆள் கொடுத்தால் ஆளை விடுவோம் என்றார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ரோஸ்தியிடம், தியுர்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவள் இடத்துக்கு ஒருத்தி போனால் அவள் வந்துவிடலாம் என்றேன். தங்கை லாம்ரியா அங்கேயே நின்றிருந்தாள். ரோஸ்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ போனா அவ வந்துருவாளாய்யா? சத்தியமா?"

"வந்துருவாம்மா."

"நீங்க சொன்னா சரிதான். தலையில கைவச்சு ஜெபம் பண்ணி அனுப்புங்க."

ஜெபம் பண்ணினேன். அன்றும் கெண்டை சமைத்திருந்தாள். லாம்ரியா கம்பெனிக்கு உள்ளே போனாள். தியுர்மா வெளியே வரவில்லை. கரகரத்த குரல் உதவாது என்று, அவளை வேறு எங்கோ விற்றுவிட்டார்கள். லாம்ரியா கிளம்புவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். சொல்லியிருந்தால் அந்தத் தாய் இடிந்துபோயிருப்பாள்.

புகார் கொடுத்தது அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர். ரோஸ்தி கொடுக்கவில்லை. இன்று காலையில் எனக்குச் சோறு கொண்டுவந்தாளே, நீங்களும் பார்த்தீர்கள். லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பையன் தோகார் இருக்கான். அவனையும் அனுப்பினா ரெண்டு பேரும் வந்துருவாங்களாய்யா?"

அவனுக்கும் நல்ல குரல். பார்க்கலாம்மா என்றேன். யாருடைய நம்பிக்கையையும் நான் இதுவரை கெடுத்ததில்லை, ஐயா.