என் மூச்சில் ஓடிய வேன்

“வண்டி ஓட்டறது துரை மாமா. நீ எதுக்குத் தாத்தா ஊதற?”

ராஜாம்பாள் இப்படிக் கேட்டது ஆடி மாதத்தில். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. கரியாலூரில் எங்கள் பள்ளி வேனில் முதலில் ஏறுவது அவள்தான். மற்றப் பிள்ளைகள் வெள்ளிமலைப் பக்கம் போன பிறகுதான் ஏறுவார்கள். “மாமாவுக்கு இருமல் கண்ணு” என்று சொல்லி ஒரு கற்கண்டு கொடுத்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். அன்று சாயங்காலம் முருகன் கோயிலில் விளக்கு ஏற்றினேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் காசிநாதன். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டேன் என்பதால் எல்லோரும் சாமி என்பார்கள்.

போன வருடம் வேன் முதலாளி வண்டியில் ஓர் எந்திரத்தைப் பொருத்தினார். குழாயில் ஊதவேண்டும். சாராய வாடை இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும், வண்டி கிளம்பும். வாடை இருந்தால் சிவப்பு எரியும், வண்டி அசையாது. மூன்று சிவப்பு விழுந்தால் டிரைவருக்கு வேலை போய்விடும். நல்ல ஏற்பாடு என்றுதான் அன்றும் நினைத்தேன்.

டிரைவர் சின்னதுரைக்கு ஒரே மாதத்தில் இரண்டு சிவப்பு விழுந்தது. மறுநாள் விடிந்ததும் அவன் மனைவி சாலம்மாள் இடுப்பில் கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

“சாமி, ராத்திரி குடிச்சது இன்னும் எறங்கல. இன்னிக்கு ஒரு நாளு நீங்க ஊதி வுட்டுடுங்க. மூணு பொட்டப் புள்ளைங்க சாமி.”

ஒரு மூச்சுதானே. பசித்தவனுக்கு ஒரு பிடி சோறு போடுவது போலத்தான் அது எனக்குத் தோன்றியது. ஊதினேன். பச்சை எரிந்தது.

அந்த ஒரு நாள் எட்டு மாதமாயிற்று. சின்னதுரை சிரிப்பான். “இன்னா சாமி, ஒன் வாய்ல இன்னா வெச்சிக்கினு கீற? நீ ஊதுனா வண்டி இன்னா, மலையே ஸ்டார்ட் ஆவும் போல.” நானும் சிரிப்பேன். தினமும் புத்தி சொன்னேன். கேட்டுக்கொள்வான். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் திருந்துவான் என்று நம்பினேன்.

அன்று காலை அவன் மற்ற நாள் போல இல்லை. சாவியைத் துவாரத்தில் வைக்கக் கை தடுமாறியது. நான்தான் வாங்கி வைத்துக் கொடுத்தேன். ஊதியதும் நான்தான். ராஜாம்பாள் நீலநிறத் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வளைவில் அவன் திருப்பவேயில்லை. வேன் பள்ளத்தில் உருண்டது. எனக்குக் கையில் சிராய்ப்பு. சின்னதுரைக்கு நெற்றியில் வெட்டு. பிள்ளை சீட்டுக்கு அடியில் கிடந்தாள். மூச்சு இருந்தது.

“என்ன வுட்டுடாத சாமி” என்று சின்னதுரை அழுதான். அவன் வாய் அப்படி நாறியது. ஆட்கள் வந்தால் முதலில் அந்த வாடையைத்தான் பிடிப்பார்கள். கையெட்டும் தூரத்தில் அந்த நீல பாட்டில் கிடந்தது. அதைத் திறந்து அவனை வாய் கொப்பளிக்க வைத்தேன். நாலைந்து தடவை. மீதித் தண்ணீரில் அவன் சட்டையைக் கழுவினேன். கிராம்பு மெல்லக் கொடுத்தேன். என் மடியிலிருந்த திருநீற்றை அவன் நெற்றியில் வெட்டுக்கு மேலே பூசினேன். எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். போன் என் சட்டைப் பையிலேதான் இருந்தது, ஐயா.

இடையில் ஒரு தடவை அவள் “தாத்தா, தண்ணி” என்றாள். பாட்டில் காலியாகியிருந்தது. “ஆஸ்பத்திரியில தருவாங்க கண்ணு” என்றேன். கள்ளக்குறிச்சி போவதற்குள் முடிந்துவிட்டது. கால்மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னபோது அவள் அப்பா சடையன் என் தோளில்தான் சாய்ந்திருந்தார். நான் அவரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எந்திரத்தில் பச்சை பதிவாகியிருந்தது. டிரைவர் வாயில் வாடை இல்லை. அதனால் யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. பிரேக்தான் கெட்டது என்று முடிவு செய்து, பிரேக் பார்த்த மெக்கானிக் ராசுவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் வேலை சுத்தமானது. அவனை விட்டுவிடுங்கள்.

இனி இந்த எந்திரமே வேண்டாம், எல்லாம் ஏமாற்று என்று ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. எல்லா வண்டியிலும் இருக்கவேண்டும். அது என்னைப் போல் யாருக்கும் இரக்கப்படவில்லை. இரண்டு தடவை அவனை நிறுத்திப் பார்த்தது. ஊதுவது யார் என்று பார்க்க மட்டும் அதற்குக் கண் இல்லை. கண் இருந்தவள் அந்தப் பிள்ளைதான். அவள் வாயில் நான் கற்கண்டு போட்டேன்.

சின்னதுரை மேல் எனக்குக் கோபம் இல்லை. சாலம்மாள் நேற்றுகூட வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் அந்தப் பிள்ளைக்குக் கடன்பட்டிருந்தேன், அவ்வளவுதான். உளுந்தூர்பேட்டைக்குப் போய் அதே நீல நிறத்தில் ஒரு பாட்டில் தேடி வாங்கி வந்தேன். ஒன்பது நாளாக விடிவதற்கு முன் மூன்றாவது வளைவுக்கு நடந்துபோய், பள்ளத்தில் இறங்கி, அந்தப் பாட்டில் நிறைய நல்ல தண்ணீர் வைத்துவிட்டு வருகிறேன். ஒருவருக்கும் தெரியாது. இன்று காலையோடு முடித்துக்கொண்டேன். அவளிடம் வாங்கிய தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஐயா.