நகரப் போலீஸ் கலைந்தபோது நான் எடுத்து வந்த பதிவேடு

எனக்கு வயது அறுபத்திரண்டு. கலைக்கப்பட்ட நகரப் போலீஸில் இருபத்தாறு வருடம் ஸ்டேஷன் எழுத்தராக இருந்தேன். இப்போது மருந்துக்கடை மாடியில், வாடகை வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். விசாரணை அதிகாரி முன்பு யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வது:

நகரப் போலீஸைத் தேசியப் போலீஸோடு சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, துறைமுக வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கொடி தைத்தார் என்று ஒரு தையல்காரரைக் காலை பத்தேகாலுக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். லாக்கப் பதிவேட்டில் நான்தான் பதிந்தேன். ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டியிருந்த தையல் உறையைக் கழற்றக்கூட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. அதையும் உடைமைகளில் எழுதினேன். அதன்பிறகு இன்ஸ்பெக்டர் அவரை உள்ளறைக்குக் கொண்டுபோனார். மாலை நாலு மணிக்கு ஆள் செத்துப்போய்விட்டதாக ஏட்டு வந்து சொன்னார். அதன்பிறகு உடலை வேனில் ஏற்றிப் போனார்கள்; எங்கே என்று எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் என் மேஜைமேல் கையூன்றி, "அந்தாளு இங்க வரவே இல்ல. நீயும் புள்ளகுட்டிக்காரன்" என்றார்.

மறுநாள் முதல் பதினொரு நாள் தையல்காரர் மனைவி வந்து கேட்டார். பதினொரு நாளும், "இங்க யாரும் வரலம்மா" என்று தலையை நிமிர்த்தாமல் சொன்னவன் நான்தான்.

நகரப் போலீஸ் கலைந்த கடைசி நாள், பழைய பதிவேடுகளைக் காகித ஆலை லாரியில் ஏற்றினார்கள். அந்த லாக்கப் பதிவேட்டை மட்டும் சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டேன். அதன்பிறகு ஒன்பது வருடம், தெருவில் ஜீப் நின்றால் என் மனைவி ரேடியோவை அணைத்துவிட்டுப் படியில் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

போன வாரம், தையல்காரர் காணாமல்போனது பற்றிய இந்த விசாரணைச் செய்தி பேப்பரில் வந்த மறுநாள், அந்த இன்ஸ்பெக்டர், இப்போது தேசியப் போலீஸில் பெரிய அதிகாரி, வீட்டுக்கே வந்தார். காபி குடித்தார். "பழசு ஏதாவது கிடந்தா எரிச்சுடு, என்ன?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். டம்ளரைக் கழுவக்கூட என் மனைவிக்குக் கை வரவில்லை. அதன்பிறகு அவளே ஏணியை எடுத்துவந்து, "கொண்டுபோய்க் குடுத்துடுங்க. இனிமே என்னால முடியாது" என்றாள். இன்று அதை ஒப்படைத்திருக்கிறேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் தையல்காரரைப் பதிந்திருப்பது என் கையெழுத்து.

வாக்குமூலம் கொடுக்க உள்ளே வருமுன், தாழ்வாரத்தில் தையல்காரர் மனைவி உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானே போய் இன்னார் என்று சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவில்லை. "கடைசியா ஏதாவது கேட்டாரா?" என்றார்.

"தண்ணி கேட்டாரும்மா" என்றேன்.

"குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. உள்ளறைக்குள் போகப் பயந்து, கேட்காததுபோல எழுதிக்கொண்டே இருந்தேன். இதையும் சேர்த்துக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. உண்மைக்குக் கூடுதலோ குறைவோ இல்லை.

(கையொப்பம்)
முன்னாள் ஸ்டேஷன் எழுத்தர்