மந்திரி எழுதித் தந்த தாள்கள்

“எங்கட மந்திரி இண்டைக்கும் பேனை கேட்டவர், அக்கா.”

மோர்டன் போகும் பஸ்ஸில் மந்திரிக்கு என்ன வேலையென்று காதைக் கொடுத்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எந்த மந்திரி?”

“நான் பராமரிக்கிற வயசான மால்டாக்காரர். முந்திப் பெரிய கவிஞராம். மந்திரியான பிறகு ஒரு கவிதையும் எழுதேல்லையெண்டு ஒரே கவலை. இப்ப ஒவ்வொரு நாளும் ஒரு தாள் எழுதித் தாறார்.”

“நல்லதுதானே.”

“எனக்கு அந்தப் பாஷை தெரியாது. கவிதையெண்டு நினைச்சு ஜெபப்புத்தகத்துக்குள்ள வைச்சிருந்தன். நேற்று அவற்ர மகள் வாசிச்சுப்போட்டு அழுதிட்டா. எல்லாத் தாளிலயும் ஒரே வசனம்தான்: ‘அனுமதி வழங்கப்படுகிறது.’ கீழ கையெழுத்து.”



“இண்டைக்கும் தந்தவரோ?”

“ஓம். நல்ல கவிதையெண்டு சொல்லித்தான் வாங்கினனான்.”