ஸ்டுடியோ குஸ்தி

எங்க பெரியப்பா மிலிட்டரில இருந்தவரு, ஒண்ணு சொல்லுவாரு அண்ணாச்சி. ஒருத்தன் நிக்கிறதப் பாத்தாலே அவன்... என்னமோ வரும், பின்பாதி மறந்துபோச்சு. உங்க பொண்ணு போட்டோவப் பாத்ததும் ஞாபகம் வந்துச்சு.

குறையாச் சொல்லல, உக்காருங்க. சர்டிபிகேட்டுல சீல் வைக்க அரை நிமிசம் போதும். போட்டோ ஸ்ரீவில்லிபுத்தூர்ல எடுத்ததா? பின்னாடி அருவியெல்லாம் வச்சிருக்கான். நம்ம அய்யனார் கோவில் அருவில கூட வருசம் பூரா இம்புட்டுத் தண்ணி விழாது. ஆனா ஜெயசித்ரா ரெண்டு காலையும் ஒரே கோட்டுல வச்சு, நெஞ்ச நிமித்தி நிக்கா பாருங்க. குஸ்திக்காரன்னா இப்படித்தான் நிப்பான்னு ஊரே நெனச்சிக்கிட்டிருக்கு. குஸ்தி மெத்தைல இப்படி நின்னா எதிராளி தள்ளவே வேண்டாம். தும்முனாப் போதும்.

ஒரு காலு முன்னால வரணும். முட்டி மடங்கணும். இடுப்பு எறங்கணும், ஆனா முதுகு கூனப்படாது. முழங்கை விலாவோட ஒட்டி இருக்கணும், அகட்டுனா அவன் உள்ள புகுந்துருவான். பாரம் முன்பாதத்துல, குதிகால்ல இல்ல. நகரும்போது காலும் காலும் பின்னப்படாது. நிமிந்து நிக்கிறது கம்பீரந்தான், இல்லேங்கல. குஸ்தில கம்பீரத்துக்குப் பாயிண்டு கெடையாது.

தெரியுது அண்ணாச்சி. அவ குஸ்திக்குப் போகல, காலேஜ் கவுன்சிலிங்குக்குப் போறா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு, மாவட்டப் போட்டில கலந்துக்கிட்டான்னு ஒரு தாளு, கூட இந்த போட்டோ. இதுக்கு முந்தி ஏழு பேருக்கு நானே போட்டுக் குடுத்திருக்கேன், ஒளிக்கல. யாருக்கும் நட்டமில்லன்னு நீங்க சொல்றீங்கள்ல, எங்கப்பாவும் இதே வார்த்தையத்தான் சொன்னாரு.

ஆமா, எனக்கும் ஒண்ணு வாங்குனாரு. அப்ப பத்தொம்பது வயசு. இதே ராஜபாளையத்துல ஒரு ஸ்டுடியோ. தொடையத் தட்டுற மாதிரி நிக்க வச்சுட்டு, கொஞ்சம் சிரிங்க தம்பின்னான் போட்டோக்காரன். அந்தச் சிரிப்புக்கு வடக்க ஒரு சர்க்கார் ஆபீஸ்ல, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேல கெடச்சுச்சு. மொத நாளு ஆபீஸ் குஸ்தி டீமு கோச்சு எம்பேரக் கேக்கல, ஊரக் கேக்கல. நில்லுன்னாரு. நின்னேன். சுத்தி ஒரு நட வந்து பாத்தாரு. ஒத்த வெரலால நெஞ்சத் தொட்டாரு. மல்லாந்துட்டேன். பொறவு எனக்கு ஒரு நாற்காலி போட்டுட்டாக. உக்காரத் தெரியுமான்னு ஒருத்தரும் சோதிக்கல.

நிக்கக் கத்துக்கிட்டது அங்கதான். வெக்கத்துல. ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலம் சாயங்காலமா எட்டு வருசம். ஒரு போட்டிக்கும் போகல. நாலு வருசத்துக்கு முன்ன ஊருக்குத் திரும்புனா, வடக்க போயி பழகுன ஆளுன்னு சொல்லி குஸ்திச் சங்கத்துக்கு செயலாளராக்கி, சீலையும் கையில குடுத்தாக.

நட்டமா? ஒரே ஒருத்தனுக்குத்தான். அன்னிக்கு அந்த வேல லிஸ்ட்ல எனக்கு அடுத்த பேரு இசக்கிமுத்து. உங்க மம்சாபுரத்து ஆளுதான், மூணு வருசம் நெசமாவே மாவட்டத்துல ஜெயிச்சவன். அவனேதான், காலேஜ் பஸ் ஓட்டுறானே. காலைல கிருஷ்ணன்கோவில் காலேஜுக்குப் போறப்ப என்னயப் பாத்தா வேகத்தக் கொறச்சு ஹாரன் அடிப்பான். பஸ்ஸுல இருக்க புள்ளைகள்ட்ட, அந்தா நிக்காருல்ல, அவருதான் நம்மூரு குஸ்திக்காரருன்னு காட்டுவானாம். நாலு வருசமா நானும் கையத் தூக்கிக் காட்டிக்கிட்டிருந்தேன்.

இல்ல அண்ணாச்சி, அந்த டிராயர்ல பாக்காதீங்க. சீல் அங்க இல்ல. நேத்து காலைல பஸ்ஸ மறிச்சு ஏறி, இசக்கிமுத்துட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சங்கத்துக்கு ராஜினாமா எழுதி, இனி செயலாளர் அவந்தான்னு கமிட்டிட்டயும் ஒத்துக்க வச்சு, சாயங்காலம் சீல அவன் கையில குடுத்துட்டேன்.