ஒரு சட்டி கடல் நத்தை

சத்தியமா சொல்றேங்க, இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. கழுத்துல சவரக் கத்திய வெச்சிருக்கீங்க, இந்த நேரத்துல எவனாவது புளுகுவானா? ஆடலீங்க, ஆடல. நீங்க வழிங்க.

எங்க விட்டேன்? ஆங், நம்ம சிநேகிதரு. கடைக்குட்டிப் பையனுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கப் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. அவங்க வர்ற நேரம் பாத்து, மனுஷன் ஒரு சட்டி கடல் நத்தையத் தனியா உக்காந்து காலி பண்ணிட்டாரு. வீட்ல மத்தவங்க நத்தைன்னாலே மூக்கப் பொத்திக்குவாங்க.

அந்த நத்தை தலைக்குள்ள மஞ்சளா ரெண்டு கட்டி இருக்குமாம். எச்சில் ஊறுற இடம். விஷம் அதுலதான். எவ்வளவு வேகவெச்சாலும் போகாது. கீறி எடுத்து எறிஞ்சிடணும்னு மீன்காரம்மா படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கு. இவரு காதுல எங்க விழுந்துச்சு? அந்தம்மாகிட்டயே கதை அளந்துட்டு இருந்தாரு, ஊர் பூரா சொல்லித் திரியற அதே சுறா முதுகுல ஏறிக் கரைக்கு வந்த கதை. கட்டியக் கொழுப்புன்னு நினைச்சு, ருசியே அதுதான்னு மொதல்ல அதையே உள்ள தள்ளியிருக்காரு.

கொஞ்ச நேரத்துல தரை படகா ஆடுது. வாசல்ல சம்பந்தி வந்தா, ரெண்டு பேரா தெரியுறாரு. இவரு இல்லாத சம்பந்தியக் கட்டிப் புடிச்சு, அவர் கையில காபியக் குடுத்தாரு. காபி பூராவும் இருக்கிற சம்பந்தி மடியில. மன்னிப்புக் கேக்கலாம்னா நாக்கு குழறுது.

பொண்ணோட அப்பாவுக்குக் குடின்னாலே ஆகாது. கூடப் பொறந்த அண்ணன் குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தவரு. பட்டுனு எழுந்து, குடிகாரன் வீட்டுக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

டாக்டரா? பாத்தாரே. நத்தைதான், ஒரு சொட்டு சாராயம் இல்லைன்னாரு. ஆளும் மறுநாளே தெளிஞ்சிட்டாரு. ஆனா போய்ச் சொன்னா, அன்னைக்கு சுறா, இன்னைக்கு நத்தையான்னு கேட்டுக் கதவச் சாத்திட்டாங்க. பையன் அந்தப் பொண்ணு இல்லன்னா கல்யாணமே வேணாங்கறான். அப்பன் முகத்தப் பாத்து ஒரு வாய் சோறு திங்கறதில்ல.

என்ன பாக்கறீங்க? ஆமா, வழிக்க ஒண்ணும் இல்லதான். காலைலயே வேற கடையில வழிச்சாச்சு. சும்மா நுரையப் போட்டு இழுங்க.

அந்தப் பொண்ணோட அப்பா ஞாயித்துக்கிழமை உங்ககிட்டதானே வருவாரு? கழுத்தையே நம்பிக் குடுக்கறவரு, நீங்க சொன்னாக் கேப்பாரு. நத்தைக் கட்டி இப்படிப் பண்ணும்னு பேச்சோட பேச்சா எடுத்து விடுங்க.

சிநேகிதரா? அவரு எங்க இருக்காரு, நான்தாங்க. சுறா சும்மா. நத்தை நிஜம்.

மீன்காரம்மா சொல்லிச்சுன்னு சொல்லுங்க, டாக்டர் சொன்னாருன்னு சொல்லுங்க. எம் பேர மட்டும் சொல்லிடாதீங்க. நான் சொன்னதுன்னு தெரிஞ்சா, அந்த நத்தையே எந்திரிச்சு வந்து சாட்சி சொன்னாலும் மனுஷன் நம்ப மாட்டாரு.