மலையிறங்கி வந்து காசு

மார்கழி பத்து, காலை ஏழு இருபது, மூடுபனி. கம்பம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓட்டல் நடத்தும் அண்ணனும் தங்கையும்.

“சபரிமலைக்குப் போறப்ப சாப்பிடுங்க, திரும்பி வர்றப்ப காசு குடுங்கன்னு போர்டு வைப்போம்ணே.”

“ஏத்தா, இந்த மாசமும் ஓடலைன்னா கடையைப் பூட்டணும். நீ கடன் குடுக்கச் சொல்ற.”

“மாலை போட்டவுக பாக்கி வைப்பாகளா?”

“வேற ரோட்டுல இறங்கிட்டா?”

“பாக்கி இருக்குல்ல, அதுக்காகவே இந்த ரோட்டுல வருவாக. வந்தா மறுபடியும் பசிக்கும்ல.”

“போர்டைப் பெருசா எழுதச் சொல்லு” என்றார் அண்ணன்.

எழுபத்தொரு வயதில் இப்படியொரு கணக்கை நான் கேட்டதில்லை. அதையே யோசித்ததில் உத்தமபாளையத்தில் இறங்க மறந்து, கம்பத்தில் அவர்கள் பின்னாலேயே போய்ச் சாப்பிட்டேன். மாலை போடாதவன், உடனே கொடுக்க வேண்டியிருந்தது. கூடுதல் பேருந்துக் கட்டணம் போக வர இருபது, இட்லி நாற்பது. ஆக அறுபது ரூபாய்.